கையில் ஒட்டாத பதம்

பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் கொடுத்தார்கள்.
ஆறுவதற்காம்.
விண்ணப்பத்தின் அடியில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது,
நாங்கள் இருவரும் என்னவோ
இறக்கி வைத்த கஞ்சிப் பானை போல.

தையுவானில் வாடகை ஏறிக் கிடக்கிறது.
அதனால் ஒரே வீடு.
அவன் கூடத்தில், நான் அறையில்,
நடுவே ஒரு சுவர்,
சுவருக்கு ஓர் இருமல்.

பகலில் மருந்துக்கடையின் பின்கட்டில்
அதிமதுரம் வறுக்கிறேன்.
நூறு பங்கு வேருக்கு இருபத்தைந்து பங்கு தேன்.
கொதிநீர் விட்டு இளக்கி, பிசறி, மூடி வைத்து,
தேனை வேர் குடித்து முடித்ததும்
சிறுதீயில் இருப்புச்சட்டி.
மஞ்சள் முற்றிப் பழுப்பாகும்.
மேற்பார்வையாளர் ஹாவ் வந்து ஒரு துண்டை எடுத்து
விரலிடையில் அழுத்துவார்.
ஒட்டினால் இன்னும் இருக்கிறது.
ஒட்டாவிட்டால் ஆயிற்று.
பதினோரு வருஷக் கல்யாணத்தையும்
இப்படித்தான் அழுத்திப் பார்த்தோம் என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.

பச்சைத் தேன் குளிர்ச்சி, காய்ச்சிய தேன் சூடு:
கடையில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள்.
ஒரே தேன்தான்.
அடுப்பைக் கண்டதும் குணம் திரும்பிவிடும்.
பச்சையாய்ப் போனால் உள்ளே எரிவதை ஆற்றும்,
காய்ந்து போனால் சோர்ந்த வயிற்றைத் தாங்கும்.
அரசாங்கம் சொல்வது எந்தத் தேனை என்று
விண்ணப்பத்தில் இல்லை.

ஒன்பதாம் நாள் இரவு
இருமல் வறண்டுவிட்டது.
சளி இல்லை. ஈரமில்லாத மரத்தை
மழுங்கிய ரம்பம் அறுக்கிற சத்தம்.
இலையுதிர்காலத்துக் காற்று நேரே நுரையீரலில் போய் உட்காரும்;
போதாததற்குப் பெய்லின் ஓட்டுவது நிலக்கரி லாரி.
எழுந்து போகக் கூடாது என்று படுத்திருந்தேன்.
எழுந்து போனேன்.

பேரிக்காயின் தலையைச் சீவி
விதையைக் குடைந்தெடுத்து
குழியில் இலந்தைப்பூத் தேன் இரண்டு கரண்டி,
சுவான்பெய்க் கிழங்குப் பொடி ஒரு சிட்டிகை.
தலையைத் திரும்பப் பொருத்திப் பல்குச்சியால் தைத்து
ஆவியில் நாற்பது நிமிஷம்.
அக்கறை ஒன்றுமில்லை.
எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

எங்கள் மொழியில்
பேரிக்காய்க்கும் பிரிவுக்கும் ஒரே ஒலி.
புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பழத்தைப்
பாதியாக வெட்டித் தின்ன மாட்டார்கள்.
வரிசையில் நின்று முத்திரை வாங்கியவர்களுக்கு
இனி அந்தப் பயம் எதற்கு?
ஆனாலும் காலையில் கிண்ணத்தைப் பார்த்தேன்.
முழுவதும் தின்றிருந்தான்.
தலையையும். காம்பு மட்டும் மிச்சம்,
காம்பின் பக்கத்தில் ஒழுங்காய்ப் படுத்திருந்தது பல்குச்சி.

அன்று மத்தியானம் சமையலறைக்குப் போனால்
கத்தியால் சீவிய நூடுல்ஸ், காடி, மிளகாய் எண்ணெய்,
ஒருவனுக்கான கோப்பை.
வெங்காயத்தாள் இல்லை.
கைப்பிடி கைப்பிடியாய் அள்ளிப் போடுகிறவன்.
தேனும் வெங்காயத்தாளும் ஒரு வயிற்றில் சேரக் கூடாது என்று
நான் என்றோ ஒரு சண்டையில் கத்தியிருக்கிறேன்.
ஜன்னல் விளிம்பில்
ரப்பர் வளையம் கழற்றாமல் கிடந்தது கட்டு,
நுனி மஞ்சளாகி.

பதினாறாம் நாள் பழைய போத்தல் தீர்ந்தது.
பதினேழாம் நாள் அதே இடத்தில் புதிது.
வேலம்பூத் தேன். விலை அதிகம். தண்ணீர் மாதிரி நிறம்.
விசாரிக்காமல் வாங்கியிருக்கிறான்.
நானும் விசாரிக்கவில்லை.
இருமல் நின்றுவிட்டது.
சுவர் அமைதியானபின் எனக்குத் தூக்கம் வரவில்லை,
அது வேறு.

இன்று முப்பது.
இனி இருவரும் சேர்ந்து போய்க் கேட்டால்தான் சான்றிதழ்.
காலையில் அவன் சாவியை எடுத்தான், வைத்தான்,
மறுபடி எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனான்.
நான் கடைக்கு வந்தேன்.

முதல் சட்டி.
ஹாவ் ஒரு துண்டை எடுத்து அழுத்தினார்.
விரல் பிரிய ஒரு நொடி தாமதித்தது.
'அவசரப்பட்டு இறக்கிவிட்டாய்' என்றார்.

சட்டியைத் திரும்ப ஏற்றினேன்.
தீயை எவ்வளவு வைப்பது என்றுதான்
இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.